ரன்னிங் கண்டிஷன்

போன் அடித்தபோது ஆக்னஸின் இரண்டு கையிலும் ஈரக் களிமண். எதிரே பலகையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சூளைக்குப் போவதற்குள் ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். பக்கத்துப் பலகையில் வேலை செய்துகொண்டிருந்த பூங்கோதை, தன் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனை எடுத்து ஆக்னஸின் காதில் வைத்தாள். நல்லூர்ப் பக்கத்துக் குரல். "அக்கா, பிளாக் மிஷின் விக்கிறதா போட்டிருந்துச்சே, ஒரு நாளைக்கு எத்தினி கல்லு அடிக்கும்?" அது சிமெண்டுக் கல் அடிக்கிற மிஷின் இல்லை, கார் இன்ஜின் என்று ஆக்னஸ் சொன்னாள். "கார் இன்ஜினுக்கு எதுக்குக்கா பிளாக்குன்னு போட்டீங்க?" என்று கேட்டது குரல். நியாயமான கேள்வி. அவளுக்கும் அதற்குப் பதில் தெரியாது.

விளம்பரத்தைப் போட்டது சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆன் மேரி. 'அமெரிக்க பிக் பிளாக் இன்ஜின் விற்பனைக்கு. எட்டு சிலிண்டர். ரன்னிங் கண்டிஷன்.' அப்பா வாயால் கேட்ட வார்த்தைகளை அப்படியே போட்டிருந்தாள். போட்ட நாளிலிருந்து போன் ஓயவில்லை. கம்மாபுரத்திலிருந்து ஒரு விவசாயி எத்தனை இஞ்சு தண்ணி தள்ளும் என்று கேட்டார். இன்ஜின் என்றால் இந்தப் பக்கத்தில் கிணற்று மேட்டில் நிற்பதுதான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்ணாடத்தில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், சத்தம் ரொம்ப வருமா என்று விசாரித்தார். வரும் என்றாள் ஆக்னஸ். எவ்வளவு வரும் என்று அவர் கேட்டதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு கண் கலங்கியது. பூங்கோதை பார்க்காத மாதிரி பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் பதினாலு வருடம் பஹ்ரைனில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே பணக்காரப் பையன்கள் மணலுக்கு நடுவில் நேர் ரோடு போட்டு, கார்களை விரட்டிப் பந்தயம் விடுவார்கள். அந்தக் கார்களுக்கு இன்ஜின் கட்டித் தருகிற கேரேஜில் வேலை. கட்டியதெல்லாம் ஊரான் வண்டிக்குள் போனது. கழித்துப் போட்டதிலிருந்து ஒரு காலி இன்ஜின் கூட்டை எடுத்து, ஒரு பிஸ்டன், ஒரு வால்வு என்று நான்கு வருடமாகச் சேர்த்து, ஒன்றே ஒன்றை மட்டும் தனக்காகக் கட்டினார். ஆறு வருடத்துக்கு முன் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவர, இவர் பெயரில் மூன்று மரப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒரு பெட்டியிலாவது ஃபிரிட்ஜ் இருக்கும் என்று ஆக்னஸ் நம்பினாள். திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இத எந்த வண்டியில மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எதுலயும் இல்ல."

"அப்பறம்?"

"ஓடும். அவ்ளோதான்."

வார நாளெல்லாம் ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோவுக்கும் லோடு வண்டிக்கும் அடியில் படுத்துக் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முன்னறைக்குப் போவார். ஹாலுக்கு முன்னால் கம்பி கேட் போட்ட சின்ன அறை அது. அங்கே சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டுவார். தெரு அதிரும். அலமாரியில் ஆக்னஸ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருக்கும் பீங்கான் கப்புகள் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வரும். அவள் வாராவாரம் திட்டுவாள். திட்டினாலும், அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே அலமாரிப் பக்கம் போய்க் கையை அணை கொடுத்து நின்றுகொள்வாள். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு வேலை கிடையாது என்று நினைத்துக்கொள்வாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் இரண்டாவது வாரத்தில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக இல்லை. எல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வராது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு ஆறுதல் அடைவதா, இன்னும் அழுவதா என்று ஆக்னஸுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கக்கூஸ் பின்கட்டில், மூன்று படி இறங்கிப் போக வேண்டும். எதிர் வீட்டுக் காத்தவராயன் ஊர் ஊராகப் போய் போர் கிணற்று மோட்டார்களைத் தூக்கி இறக்குகிறவன். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் விடியற்காலையில் வந்து, "வாங்கண்ணே" என்று ஸ்தனிஸ்லாஸைக் குழந்தையைப்போல அள்ளிக்கொண்டு போவான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் கட்டிலை விட்டுத் தூக்கிய நிமிடத்திலிருந்து திரும்பக் கட்டிலில் விடும்வரை ஸ்தனிஸ்லாஸ் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்த மூடிய கண்ணைத்தான் ஆக்னஸால் தாங்க முடியவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் வீட்டைச் சுற்றி வந்து, ஹாலை ஒட்டிப் படி இல்லாமல் பாத்ரூம் எடுக்க வேண்டுமென்றால் முன்னறை ஒன்றுதான் தோது என்றார். முன்னறையில் இன்ஜின் நின்றது. அதை விற்றால் இடமும் கிடைக்கும், கொத்தனார் செலவும் தீரும். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. ஆனால் அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே பொருளை அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி விற்பது? ஒரே ஒரு 'சரி' போதும். விளம்பரம் போடுவதற்கு முன்னும் பின்னும் ஆக்னஸ் தினமும் கேட்டாள். தினமும் ஒரே பதில்தான் வந்தது.

"ஒண்ணு, எட்டு, நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு."

முதல் தடவை அது வந்தது பெரிய சனிக்கிழமை சாயங்காலம். ஈஸ்டருக்காகக் காலையிலிருந்து வீட்டைக் கழுவி, முன்னறையையும் இன்ஜினையும் துடைத்து முடித்துக் குளித்து, கோயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து "ஒண்ணு" என்று கேட்டது. கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். எட்டு எண்ணும் தெளிவாக, ஒரு உளறல் இல்லாமல் வந்தன. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் நாக்கு திறந்துவிட்டது என்று கோயில் பங்கு முழுக்கச் செய்தி பரவி, பூசை முடிந்து முப்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் அவர் எண்ணையே சொன்னார். அதன் பிறகு ஐந்து மாதமாக வேறு ஒன்றும் இல்லை. பசிக்குதா என்றால் ஒண்ணு எட்டு நாலு. வலிக்குதா என்றால் ஒண்ணு எட்டு நாலு. சிலசமயம் கோபமாக, சிலசமயம் கெஞ்சுகிற மாதிரி. அப்போதெல்லாம் அவர் பார்வை முன்னறைப் பக்கமே இருக்கும். வாசலைப் பார்க்கிறார், யாரையோ எதிர்பார்க்கிறார் என்று ஆக்னஸ் நினைத்தாள்.

கோயில் அம்மாக்கள் பைபிளைத் திறந்து சங்கீத எண்களில் தேடினார்கள். ஆன் மேரி பேங்க் பாஸ்புக்கில் தேடினாள். பிறகு அவள்தான் ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ம்மா, பஹ்ரைன்ல போன் நம்பர் எட்டு இலக்கம்தான்மா." அன்றைக்கு ஆக்னஸ் வேலைக்குப் போகவில்லை. பதினாலு வருடத்தில் ஆறு தடவை மட்டுமே வந்துபோன மனுஷன். மீதி நாளெல்லாம் அங்கே என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார் என்று அவள் கேட்டதே இல்லை. அந்த நாட்டு எண்ணைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு குரல் சொன்னது. எண்களை மாற்றி மாற்றிப் போட்டாள். சிலர் எடுத்தார்கள், யாருக்கும் ஸ்தனிஸ்லாஸைத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருங்க அது? சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நானே பேசி வரச் சொல்றேன்" என்றாள். அவர் அவளையே பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. வாயிலிருந்து அதே எட்டு எண்கள் வந்தன.

கல் அடிக்குமா, தண்ணி தள்ளுமா, சத்தம் வருமா என்று கேட்காத முதல் ஆள் புதுச்சேரி தமிழ்செல்வன். ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டான். கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவன். அவனிடம் ஒரு நீளமான அமெரிக்கக் கார் இன்ஜின் செத்துப் பத்து வருடமாக நின்றது. சனிக்கிழமை மத்தியானம் பேட்டரி, பெட்ரோல் கேன், ஒரு டிரைவர், ஒரு லோடு வேனோடு வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலிடம் போய், "வணக்கங்கய்யா. உங்க இன்ஜினைப் பாக்க வந்திருக்கேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆக்னஸுக்கு அவனைப் பிடித்துப்போனது. முன்னறையில் தார்ப்பாயை நீக்கியதும் அவன் கிட்டே போனான். குனிந்து ஒவ்வொரு போல்ட்டாக விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இத ஒருத்தரே கட்டுனாரா?"

"ஆமா தம்பி. நாலு வருஷம்."

தூக்குவதற்கென்று வந்திருந்த காத்தவராயன், தன்னுடைய இரும்பு முக்காலியையும் செயின் புல்லியையும் தெருவில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றான். தமிழ்செல்வன் பேட்டரியைப் பூட்டி, பெட்ரோலை இணைத்து, சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது. திரும்பவும் திருப்பினான். படார் என்று மேலே ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. காத்தவராயன் கேட்டுக்கு வெளியே குதித்துவிட்டான். மூன்றாம் முறையும் அதே இருமல், அதே வெடி. தமிழ்செல்வன் நெற்றியைத் துடைத்தான். "ரன்னிங் கண்டிஷன்னு போட்டிருந்தீங்களேம்மா" என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் ஆக்னஸுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. ஓடாத இன்ஜினைப் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுக்க முடியும் என்று அவன் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

அப்போது ஹாலிலிருந்து சத்தம் வந்தது. இதுவரை அவர் இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. "ஒண்ணு! எட்டு! நாலு! மூணு! ஆறு! அஞ்சு! ஏழு! ரெண்டு!"

"அது ஒண்ணும் இல்ல தம்பி. ஒடம்பு சரியில்லாததுலேர்ந்து அப்படித்தான் சொல்லினு இருக்காரு" என்றாள் ஆக்னஸ்.

தமிழ்செல்வன் அவளைக் கையமர்த்தினான். ஹால் வாசலில் போய் நின்று, "இன்னொருவாட்டி சொல்லுங்கய்யா" என்றான். அவர் சொன்னார். இவன் உதடும் கூடவே அசைந்தது. திரும்பி வந்து, இன்ஜின் தலையில் எட்டு ஒயர்கள் குத்தி நிற்கும் வட்ட மூடியைக் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, அது எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

"இந்த ஒயருங்கள கடைசியா மாட்டுனது யாரும்மா?"

ஆக்னஸ் தன் கையைப் பார்த்தாள். "நான்தான். ஈஸ்டருக்குக் கழுவுனேன்."

ஆமாம், கழுவினாள். ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருப்பது பீங்கான். கரி பிடித்த பீங்கானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. இருபத்திரண்டு வருடமாகப் பீங்கான் துடைத்த கை அது. துடைக்கத் தோதாக எட்டு ஒயரையும் இரண்டு பக்கமும் உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தாள். பிளக் பக்கம் அவரே பெயிண்டால் நம்பர் எழுதியிருந்தார், அதன்படி மாட்டினாள். மூடிப் பக்கம் நம்பர் இல்லை, ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருந்தது. பொட்டில் ஒன்றாம் ஒயர், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று என்று சுற்றி வந்து எட்டில் முடித்தாள். பலகையில் கட்டை அடுக்குகிற கை வேறு எப்படி அடுக்கும்? கட்டிலில் இருந்து அவர் இடது கையை ஆட்டி ஏதோ முனகினார். தான் செய்வதைப் பார்த்து சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து, "இருங்க, முடிஞ்சிடுச்சு" என்று இவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"எட்டு சிலிண்டரும் வரிசையா வெடிக்காதும்மா. அதுக்குன்னு ஒரு மொறை இருக்குது. ஒண்ணுக்கு அடுத்து எட்டு, எட்டுக்கு அடுத்து நாலு. ஐயா சொல்றது அதத்தான். நீங்க மாட்டுனதுல ஒண்ணும் ஏழும் மட்டும்தான் சரியான எடத்துல இருக்குது."

"அப்ப அது போன் நம்பர் இல்லியா?"

"இன்னாதும்மா?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் ஆக்னஸ்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஐந்து மாதம். பேச்சற்றுப் போன மனுஷனுக்கு ஒரே ஒரு வழி திறந்து, அந்த வழியில் அவர் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒயரை மாற்றி மாட்டிவிட்டாய், ஆக்னஸ், சரி செய். அவளோ இல்லாத ஒருத்தியை பஹ்ரைனில் தேடிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அவரைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அன்னிய ஆட்கள் முன்னால் அதெல்லாம் பழக்கமில்லை. தமிழ்செல்வன் ஒயரில் கை வைக்கப் போனபோது, "நான் மாட்டுறேன் தம்பி" என்று முன்னால் வந்தாள். அவன் ஒதுங்கிக்கொண்டான்.

மூடிப் பக்கம் எட்டையும் உருவினாள். ஹாலைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள். அவரால் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்ல முடியவில்லை, ஆரம்பித்தால் எட்டும் வந்து முடியும். அதனால் என்ன. அவர் ஒவ்வொரு முறை ரெண்டு என்று முடிக்கும்போதும் இவள், "இன்னொருவாட்டி" என்றாள். எட்டு சுற்று வந்தது. எட்டாவது ஒயர் டக்கென்று உட்கார்ந்தபோது அவள் விரல் கறுத்துப்போயிருந்தது. எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் நின்று, அவர் நெஞ்சில் அந்தக் கையை வைத்துக்கொண்டாள். "போடு தம்பி."

இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, அவர் நெஞ்சின் வழியாக அவள் உள்ளங்கையும் அதிர்ந்தது. அலமாரியில் கப்புகள் நகரத் தொடங்கி, இரண்டு கீழே விழுந்து உடைந்தன. ஆக்னஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்தனிஸ்லாஸின் ஒரு பக்க முகம் சிரித்தது. இன்னொரு பக்கம் அசையவில்லை. சிரித்த பக்கம் போதுமானதாக இருந்தது. தெரு முழுக்கக் கம்பி கேட்டுக்கு வெளியே கூடிவிட்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தமிழ்செல்வன் நிறுத்தியபோது காது அடைத்துக்கொண்ட அமைதி. அந்த அமைதியில் அவர் எண்ணைச் சொல்லவில்லை.

தமிழ்செல்வன் பேரம் பேசவே இல்லை. போனில் சொன்ன தொகைக்கு மேலேயே கொடுத்தான். காத்தவராயன் முக்காலியை முன்னறையில் நிறுத்தி, செயினைப் பூட்டி, ஸ்டாண்டின் போல்ட்டுகளைக் கழற்றினான். கடகடவென்று செயின் ஓட, இன்ஜின் ஸ்டாண்டை விட்டு எழும்பியது. ஸ்டாண்டைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். வேன் பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது.

ஆக்னஸ் கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். இத்தனை நாள் கேட்டது பதில் வராது என்று தெரிந்தே. அவர் பேசிக்கொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகு கேட்பது வேறு. "இந்தாங்க. இது நீங்க உங்களுக்குன்னு செஞ்சது. நான் உங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டணும்னு நெனைக்கிறேன். அவன் வேன நிறுத்திட்டு நிக்கிறான். நீங்க சொன்னா குடுக்குறேன், இல்லன்னா அப்படியே எறக்கி வச்சிடச் சொல்றேன். சத்தியமா கோச்சுக்க மாட்டேன். குடுத்துடலாமா?" கேட்டு முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. கரி பட்ட கையால் துடைக்கத் துடைக்க முகமெல்லாம் கறுப்பானது.

அவர் அவளைப் பார்த்தார். முன்னறையில் தொங்கும் இன்ஜினைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். உதடு குவிந்தது, விரிந்தது. எண்தான் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். எண் வரவில்லை. இடது கை எழும்பி வந்து அவள் கன்னத்தில் பட்டது.

"வே..." என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "வேணாம்."

ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. எது வேண்டாம்? விற்க வேண்டாமா? அழ வேண்டாமா? கை கன்னத்தில் இருந்தது, கண் எங்கே பார்க்கிறது என்று தன் கண்ணீரில் அவளுக்குத் தெரியவில்லை.

"ஐயா இன்னாம்மா சொல்றாரு?" தமிழ்செல்வன் வாசலில் நின்று கேட்டான்.

"இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க."

முன்னறையில் காத்தவராயன் இழுக்கவும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல் இரண்டு கையாலும் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றான். தரைக்கு ஒரு முழம் மேலே இன்ஜின் தன் போக்கில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.